‘ச’வைத் தின்ற சுவர்

அறைக்குள் அண்ணி இடைவிடாமல் பேசிக்கொண்டிருந்தார். கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற கொழுந்தன் சில்லறைக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் பிரச்சினை.

வேறு வீடாக இருந்தால் இதைக் கொண்டாடியிருப்பார்கள். பெரிய செலவில்லாமல், கையில் கிடைத்ததை வைத்தே கட்டிய சத்தம் கசியாத அறை இது. உள்ளே பேசுவது வெளியே வரக் கூடாது, வரவில்லை. ஆனால் உள்ளே பேசிய பேச்சு ஏற்கெனவே இரண்டு முறை வெளியே போயிருந்தது. எந்த ஆளின் காதுக்குப் போகவே கூடாதோ, அந்த ஆளின் காதுக்கே போயிருந்தது.

கதவு திறந்தது. என்ன கேட்டது என்று அண்ணி புருவத்தால் கேட்டார்.

“நீங்க பேசி எனக்குக் கேக்காம இருந்தது வாழ்க்கைல இதுதான் முதல் தடவை அண்ணி. அண்ணனுக்கு இப்படி ஒரு ரூம் கட்டிக் குடுத்தா கையெடுத்துக் கும்பிடுவார்.”

அண்ணி சிரிக்கவில்லை. கொழுந்தன் நின்றால் ஒரு ஜோக், உட்கார்ந்தால் ஒரு ஜோக் என்று நாள் முழுக்கச் சிதறுகிறவன் என்பதால்தான் தெருவே அவனுக்குச் சில்லறை என்று பெயர் வைத்திருந்தது. ஜெராக்ஸ் கடை மாடியில் அண்ணி துப்பறியும் அலுவலகம் திறந்தபோது, வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த அவனைத்தான் உதவிக்குச் சேர்த்துக்கொண்டார். சிரிப்பது உதவியாளனின் வேலை, யோசிப்பது தன் வேலை என்று அன்றே பங்கு பிரித்தாயிற்று.

அந்த வீடு ஒரு மனநல ஆலோசகருடையது. தான் டாக்டர் இல்லை என்று அவர் எத்தனை முறை சொன்னாலும் வருகிறவர்களுக்கு அவர் டாக்டரம்மாதான். வீட்டின் முன்கூடத்தில் பாதியைத் தடுத்து, அதில் உட்கார்ந்து மற்றவர்களின் மனக்கஷ்டங்களைக் கேட்பார். அப்படி வந்தவர்களில் ஒருத்தி நர்ஸ். புருஷன் அவள் கையை முறித்த பிறகு, நான்கு வயதுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு வந்தவள். அவள் இருக்கும் வீட்டு வாசலையும் அவள் அக்கா வீட்டு வாசலையும் அவன் மிதிக்கக் கூடாது, மிதித்தால் கைது என்று நீதிமன்ற உத்தரவு இருந்தது. ஆனால் தெருவில் நிற்பதை எந்த உத்தரவும் தடுக்கவில்லை. அக்கா வீட்டுத் தெருவில் நின்று பார்த்து, அவள் அங்கே இல்லை என்று அவன் அப்போதே கழித்துவிட்டிருந்தான்.

குழந்தையை நூலகத்துக்கு எதிரில் உள்ள பகல்நேரக் காப்பகத்தில் விடப்போவதாக நர்ஸ் இந்த அறையில் சொன்னாள். வேறு யாரிடமும் வாய் திறக்கவில்லை. குழந்தை காப்பகத்துக்குப் போன முதல் நாளே அவன் நூலக வாசலில் நின்றான். பிறகு, பழைய சாலையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். இந்த முறை அவன் அங்கே வரவில்லை. ஊரின் மறுகோடியில் மூடிக்கிடக்கும் பழைய ஆலையின் வாசலில் நின்று, குழந்தையோடு ஒரு நர்ஸ் குடிவந்தாளா என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் விசாரித்திருக்கிறான். கூட வேலை செய்யும் ஒருத்தி அங்கே பஸ்ஸுக்காக நின்றபோது பார்த்துவிட்டு இன்று காலைதான் சொல்லியிருக்கிறாள்.

அதைவிட மோசம் ஒன்று இருந்தது. அக்காவையும் அழைத்துக்கொண்டு இன்று காலை குடிபோன புது இடத்தின் அடையாளத்தையும், நேற்று இதே அறையில், இதே நாற்காலியில் உட்கார்ந்து நர்ஸ் சொல்லியிருந்தாள். இப்போது அங்கே கதவைத் தாழிட்டுக்கொண்டு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மறுபடி மாற அவளுக்கு இடமும் இல்லை, தெம்பும் இல்லை.

“நர்ஸ் என்னைத்தான் சந்தேகப்படறாங்க மேடம்,” என்றார் டாக்டரம்மா. குரல் நிதானமாக இருந்தது. விரல்கள்தான் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தன. “அவங்க இடத்துல இருந்தா நானும் அப்படித்தான் நினைப்பேன்.”

அண்ணி அறையை வெளிச்சத்தால் சோதித்தார். உள்ளே எல்லா விளக்கையும் எரியவிட்டு, வெளிக்கூடத்தை இருட்டாக்கி, கதவின் நான்கு ஓரத்தையும் பார்க்கச் சொன்னார்.

“ஒளி போற இடுக்குல ஒலியும் போகும் தம்பி. கோடு மாதிரி வெளிச்சம் தெரியுதா?”

“என் வாயில ரெண்டும் ஒரே மாதிரிதான் வரும். ஆனா ரெண்டும் வெளிய வரல.”

கதவின் அடியில் சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி ஆணியடித்திருந்தார்கள். மூடும்போது அது தரையோடு அழுந்திப் படிந்தது. ஜன்னலில் இரட்டைக் கண்ணாடி; அதன் மேல் கனத்த திரை. சுவர் முழுக்க முட்டை அட்டைகள், அவற்றின் மேல் ஸ்பாஞ்ச். ஒளித்துவைத்த போன் ஏதாவது இருக்குமோ என்று நாற்காலிகளைக் கவிழ்த்துத் தேடியாயிற்று. ஒரு ஊசிகூட இல்லை.

இதையெல்லாம் செய்தவர் டாக்டரம்மாவின் அப்பா. அச்சகத்தில் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர். பேக்கரி பேக்கரியாக அலைந்து முட்டை அட்டை சேர்த்த கதையை, கேட்காமலே இரண்டு முறை சொல்லிவிட்டார். கூடத்தில் தடுத்த பாதியின் குறுக்கே வரிசையாக மரக்கட்டை நட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிளைவுட் அடித்துத் தடுத்தவரும் அவர்தான். அந்தப் பக்கம் அவருடைய படுக்கையறை. சுவரைத் தட்டிக் காட்டியபோது, பிறந்த பேரனைத் தட்டிக்கொடுக்கிறவர் போல இருந்தது அவர் முகம்.

“உங்க ரூமையும் பாக்கணுங்க ஐயா. சாவி குடுங்களேன்,” என்றார் அண்ணி.

பெரியவர் திடுக்கிட்டார். “ஆவியா? இந்த வீட்டுல அதெல்லாம் இல்லம்மா. பால் காய்ச்சித்தான் குடிவந்தோம்.”

சில்லறை வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டான். டாக்டரம்மா அப்பாவின் காதருகே குனிந்து மறுபடி சொன்ன பிறகுதான், இடுப்பிலிருந்து சாவி வந்தது.

பெரியவரின் அறையில் மேஜை விசிறி ஒன்று கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நேற்றைய மழையில் டாக்டரம்மா நனைத்துக்கொண்டு வந்த குடை மூலையில் விரித்தபடி காய்ந்தது. தடுப்புச் சுவரை ஒட்டி ஒரு மரக்கட்டில். அண்ணி ஆலோசனை அறைக்குள் போய்ப் பேச, சில்லறை இங்கே நடுவில் நின்று கேட்டான், விசிறிதான் கேட்டது. விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டான்; கிணற்றுக்குள் யாரோ முனகுவது போல ஒரு முணுமுணுப்பு. ஒரு வார்த்தைகூடத் தேறவில்லை. மொட்டைமாடிக்குப் போனான். அங்கே காக்கைதான் பேசியது. கடைசியாக, மறுபக்கச் செங்கல் சுவரை ஒட்டியிருந்த பல் டாக்டர் வீட்டுக்குப் போய், சுவருக்குப் பக்கத்தில் போட்டிருந்த நாற்காலியிலேயே சாய்ந்து படுத்துக் கேட்டுவிட்டு வந்தான்.

“ஒண்ணும் கேக்கல அண்ணி. ஆனா எனக்கு ரெண்டு பல் சொத்தையாம்.”

அண்ணி கூடத்தில் நடந்துகொண்டிருந்தார். திடீரென்று நின்றார். யோசனை வந்துவிட்டால் அவர் நடை இப்படித்தான் நின்றுபோகும்.

“ரெண்டு தடவை கேட்டிருக்கான். ஒரு தடவை சரியாப் போனான், ஒரு தடவை தப்பாப் போனான். ஏன்? முதல் தடவை வார்த்தை நூலகம். ரெண்டாவது தடவை சாலை. அவன் போனது ஆலைக்கு. நடுவுல என்ன தொலைஞ்சிருக்குன்னு சொல்லு.”

சில்லறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தான். சாலை. ஆலை. “ச.”

“ஆமா. நூலகத்துல ச கிடையாது, அதனால முழுசாப் போச்சு. சாலைல ச மட்டும் உதிர்ந்துபோச்சு. போன்ல பதிவு பண்ணியிருந்தா ச அப்படியே விழுந்திருக்கும். எழுதிவச்சதப் படிச்சிருந்தாலும் தொலையாது. ஆக, காதால கேட்ட விஷயம்தான் இது.” அவர் பல்லைக் கடித்து, ஸ்ஸ் என்று காற்றை விட்டுக் காட்டினார். “ச சொல்றப்ப பாதி வெறும் காத்துதான். மெல்லிசு. கனமான எதையாவது தாண்டணும்னா முதல்ல சாகறது அதுதான். அடித்தொண்டைச் சத்தம் சுவரத் தாண்டிடும், ச தாண்டாது. சுவர் தின்னிருக்கு. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு காது இருக்கு.”

செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது பல் டாக்டர் மட்டும்தான். அண்ணி தானே போய், சுவரில் டம்ளரைக் கவிழ்த்துக் காதை வைத்துப் பார்த்தார். சில்லறை இங்கே நாற்காலியில் உட்கார்ந்து, தெரிந்த ஜோக்குகளை எல்லாம் சொல்லித் தீர்த்தான். திரும்பி வந்த அண்ணியின் முகம் வாடியிருந்தது. செங்கல் சுவர் ச-வை மட்டும் தின்னவில்லை; ஒரு எழுத்து மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் தின்றிருந்தது.

இதற்குள் டாக்டரம்மாவின் போன் இரண்டு முறை அடித்தது. நர்ஸ்தான். ஏதாவது தெரிந்ததா என்று கேட்டாள். பின்னால் குழந்தை பாட்டுப் பாடுவதும், சத்தம் போடாதே என்று அவள் அடக்குவதும் கேட்டது. அவன் வாசலுக்கு வந்தால் கூப்பிடச் சொல்லி, பெண் இன்ஸ்பெக்டர் தன் நம்பரைக் கொடுத்திருந்தார். ஆனால் அவன் வாசலுக்கு வருவதற்குள் என்னவெல்லாம் நடக்கும் என்பது, முறிந்த கையோடு அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

பெரியவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பூங்காவுக்கு மாலை நடை. நேற்று மழையில் போகாமல் விட்டதில் பாவம் தன் சிநேகிதன் காத்திருந்து திரும்பியிருப்பான் என்று மகளிடம் சொன்னார். வீட்டுத் தரகு செய்கிற பையனாம்; மரியாதை தெரிந்தவனாம்; தினமும் வண்டியில் கொண்டுவந்து தெருமுனையில் விடுவானாம்.

“எனக்கும் ஒரு வீடு பாக்கச் சொல்லுங்கய்யா, எங்க அண்ணி இல்லாத வீடா,” என்றான் சில்லறை. அது அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அண்ணி மறுபடி அறைக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டார். ச-வில் தொடங்கும் சொற்களாகச் சொல்லப்போவதாகவும், பெரியவர் அறையில் ஒவ்வொரு மூலையாக நின்று கேட்க வேண்டும் என்றும் உத்தரவு. சில்லறைக்குக் கால் கடுத்தது. பல் டாக்டர் குத்திய ஈறு வலித்தது. மூன்று மூலை பார்த்துவிட்டு, நாலாவது மூலையைப் படுத்துக்கொண்டே பார்க்கலாம் என்று பெரியவரின் கட்டிலில் சாய்ந்தான். தலையணை வெளியே காய்ந்துகொண்டிருந்ததால், பின்மண்டை நேராகக் கட்டிலின் தலைப்பலகையில் பட்டது.

அண்ணி அவன் தலைக்குள் பேசினார்.

“...சிலை. சாறு. சட்டை. சாலை. தம்பி, படுத்துத் தூங்கிட்டியா?”

சில்லறை துள்ளி எழுந்தான். குரல் நின்றுபோனது. விசிறிதான் கடகடத்தது. மறுபடி தலையை வைத்தான். பலகையில் மண்டை பட்டதும் குரல் வந்தது, எடுத்ததும் போனது. விசிறி அத்தனை இரைச்சல் போட்டும் அதைத் தடுக்க முடியவில்லை. விசிறி காது வழியாக வந்தது. அண்ணி எலும்பு வழியாக வந்தார்.

அவன் போட்ட கூச்சலில் அண்ணி ஓடிவந்து குனிந்து பார்த்தார். கட்டிலின் தலைப்பலகை தடுப்புச் சுவரின் பிளைவுட்டில் அழுந்தி நின்றது. அந்தப் பிளைவுட், அறைக்குள் இருக்கும் பிளைவுட், இரண்டையும் பெரியவர் ஒரே வரிசை மரக்கட்டையில் அடித்திருந்தார். உள்ளே பேசினால் முன்பலகை அதிரும். அந்த அதிர்வு கட்டைக்குப் போகும், கட்டையிலிருந்து பின்பலகைக்கு, அங்கிருந்து கட்டிலுக்கு, கட்டிலிலிருந்து மண்டைக்கு. காற்றில் ஏறாமல், மரத்திலேயே நடந்து வருகிற சத்தம்.

“முட்டை அட்டை, ஸ்பாஞ்ச் எல்லாம் உள்ள எதிரொலிக்காம பாத்துக்கும், அவ்வளவுதான். தாண்டிப் போற சத்தத்த அது பிடிக்காது. நிறையப் பேர் இங்கதான் ஏமாறுவாங்க,” என்று அண்ணி ஒரு நொடி தன்னை மறந்து விளக்க ஆரம்பித்துவிட்டு, சட்டென்று நிறுத்தினார். “சாலைன்னு சொன்னேனே. உனக்கு ஆலைன்னு கேட்டுச்சா?”

“இல்ல. சாலைன்னுதான் கேட்டுச்சு. ச கொஞ்சம் மங்கல், பல்லிடுக்குல காத்து போற மாதிரி. ஆனா இருந்துச்சு.”

“அப்ப சுவர் தின்னல.” அண்ணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். “அப்ப ச எங்க போச்சு?”

சில்லறைக்கு அப்போதுதான் உறைத்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு ஜோக் நினைவுக்கு வந்து அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

“அண்ணி. சாவி கேட்டீங்களே, அவர் ஆவியான்னு கேட்டாரே. நம்ம அம்மாகிட்ட சட்டை எங்கன்னா அட்டை எதுக்குடாம்பாங்க. சாறு வேணுமான்னா எந்த ஆறும்பாங்க. நான் கேலி பண்ணிட்டே இருப்பேன்.”

அண்ணியின் கை அப்படியே கட்டிலின் மேல் நின்றது. வயசான காது முதலில் இழப்பது மெல்லிய சத்தத்தை; அதுவும் ஆயுள் முழுக்க அச்சு மெஷின் பக்கத்தில் நின்ற காது. அடித்தொண்டைச் சத்தமெல்லாம் அதற்கு நன்றாகவே கேட்கும். ச மட்டும் கேட்காது. கேட்கவில்லை என்பதும் அதற்குத் தெரியாது. இளங்காதாக இருந்தால் ஆலையா சாலையா என்று சந்தேகமாவது பட்டிருக்கும்.

மத்தியானம் இந்தப் பக்கம் பெரியவர் தலைப்பலகையில் சாய்ந்திருப்பார். அந்தப் பக்கம் நர்ஸ் பேசுவாள். கேட்டதை அவர் சாயங்காலம் யாரிடம் சொல்வார்?

“வீட்டுத் தரகன்,” என்றான் சில்லறை. “காலி வீடு ஏதாவது தெரியுமா ஐயா, நல்ல காப்பகம் எங்க இருக்குன்னு கேட்டாப் போதும். அவர் பாட்டுக்குச் சொல்லிடுவார். அந்தத் தரகன்தான் புருஷன். நர்ஸ் அவன்கூட இருந்தப்பவே பின்னால வந்து இந்த வீட்டப் பாத்துவச்சிருக்கணும்.”

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த டாக்டரம்மாவுக்கு முகத்தில் ரத்தம் இல்லை. நேற்று மத்தியானம் அப்பா கட்டிலில்தான் இருந்தார். நேற்று மழை; பூங்காவுக்குப் போகவில்லை. இன்று போயிருக்கிறார்.

“நேத்து நர்ஸ் சொன்ன இடம் எதுன்னு நான் கேக்கல,” என்றார் அண்ணி. “அது உங்க தொழில் ரகசியம், உங்ககிட்டயே இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்த அடையாளத்துல ச இருக்கா?”

டாக்டரம்மா கண்ணை மூடினார். உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. ஒரு முறை. மறுபடி ஒரு முறை, எழுத்துக் கூட்டுவது போல மெதுவாக.

“இல்ல,” என்றார். “ஒரு இடத்துலகூட இல்ல.”

இந்த முறை எதுவும் உதிராது. அப்படியே, முழுசாக, சரியாகப் போய்ச் சேரும்.

சில்லறை ஓட்டத்தில் கெட்டிக்காரன் இல்லை. ஆனாலும் அன்று ஓடினான். அண்ணி ஆட்டோவைப் பிடித்து இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்துகொண்டு பின்னால் வர, அவன் சந்து வழியாகக் குறுக்கே பாய்ந்து பூங்காவின் பின்வாசலில் நுழைந்தான்.

ஊஞ்சலுக்கு எதிரே இருந்த பெஞ்சில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒருவன். நர்ஸ் கொடுத்த போட்டோவில் தாடி இருந்தது. இப்போது மழமழவென்று வழித்திருந்தான். மடியில் ஹெல்மெட். ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்து, நாரெல்லாம் எடுத்து, சுளை சுளையாகப் பெரியவர் கையில் வைத்துக்கொண்டிருந்தான். 

“நேத்துகூட ஒரு வீடு பத்திக் காதுல விழுந்துச்சு தம்பி,” என்று பெரியவர் சுளையை மென்றபடி சொல்லிக்கொண்டிருந்தார். “எங்கன்னா...”

“ஐயா,” என்றான் சில்லறை மூச்சிரைக்க. “சாவி.”

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். “ஆவியா? இன்னும் அதையே தேடறீங்களா?”

பக்கத்திலிருந்தவன் சிரித்தான். சில்லறையும் சிரித்தபடியே இருவருக்கும் நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அடுத்து என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. பெரியவரை இழுத்துக்கொண்டு போகலாம். போனால் இவன் நாளைக்கு வேறு ஒரு காதைத் தேடுவான். உத்தரவு வாசலுக்குத்தான், ஆரஞ்சு உரிப்பதற்கு இல்லை. இவனாகப் போய் ஒரு வாசலை மிதிக்க வேண்டும்.

அதற்குள் ஹெல்மெட்காரனே வாயைத் திறந்தான். “வீடு பத்திச் சொல்லிட்டிருந்தீங்களேய்யா. போன தடவை ஆலைப் பக்கம்னு சொன்னீங்க. போய்ப் பாத்தேன், அங்க ஒண்ணும் இல்லையே.”

சில்லறைக்கு வாயில் வந்தது ஜோக் மட்டும்தான். அதையே சொன்னான்.

“ஆலையா? அண்ணே, இவர் பேச்சக் கேட்டுப் போனீங்களா? இவருக்கு ச கேக்காது. சாவின்னா ஆவி. எங்க அம்மாவும் இப்படித்தான். அது ஆலையா இருக்காது, சாலையா இருக்கும். பழைய சாலை. டாக்டரம்மாகிட்ட வர்ற யாரோ ஒருத்தங்க அங்கதான் அக்கா வீட்டுல இருக்காங்கன்னு பேச்சு.”

“ஆலைன்னுதானே நானும் சொன்னேன்,” என்றார் பெரியவர் குழப்பத்தோடு.

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. பழைய சாலை. அக்கா வீடு. சில்லறை ஊஞ்சலைப் பார்ப்பது போல நடித்துக்கொண்டு, ஓரக்கண்ணால் அந்த விரல்களையே பார்த்தான். அவை பாதிப் பழத்தை மெதுவாகப் பெஞ்சில் வைத்தன. ஹெல்மெட்டை எடுத்தன. அவசர வேலை இருக்கிறது என்று முணுமுணுத்துவிட்டு அவன் எழுந்தான். நேற்றுக் காதில் விழுந்த இன்னொரு வீட்டைப் பற்றி அவன் கேட்கவே இல்லை. பெரியவரை இன்று வண்டியில் ஏற்றிக்கொள்ளவும் இல்லை.

அண்ணி பூங்கா வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கும்போது அவன் வண்டி அவரை உரசிக்கொண்டு போனது. சில்லறை சொன்னதைக் கேட்டு அப்படியே இன்ஸ்பெக்டருக்குச் சொன்னார். காலையோடு காலியான அக்கா வீடு, காவல் நிலையத்துக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. அந்த வாசலும் உத்தரவில் எழுதியிருந்த வாசல்தான். அவன் கதவை உதைத்தபோது திறந்தது, சாதாரணச் சேலையில் இருந்த ஒரு பெண் போலீஸ், பின்னால் இன்னொருத்தர். அவனைக் கைது செய்தாயிற்று என்று இன்ஸ்பெக்டரிடமிருந்து போன் வரும்வரை அண்ணி பூங்காப் பெஞ்சை விட்டு எழவில்லை. வந்த பிறகு, மீதி ஆரஞ்சை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

“இன்னைக்குத்தான் உன் சில்லறை செல்லுபடி ஆச்சு தம்பி,” என்றார்.

பெரியவரிடம் யார் சொல்வது என்று டாக்டரம்மா தவித்தார். அண்ணி அவர் காதருகே உட்கார்ந்து, அடித்தொண்டையில், ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். பெரியவர் அந்தக் குழந்தைக்கு என்ன வயது என்று மட்டும் கேட்டார். பிறகு எழுந்து போய், தான் பேக்கரி பேக்கரியாக அலைந்து சேர்த்த முட்டை அட்டைகளைத் தன் கையாலேயே ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்தார். யாரும் தடுக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க அண்ணிக்கும் அவருக்கும்தான் பேச்சு. ஆணி எங்கே, கட்டை எங்கே என்று இருவரும் சண்டைகூடப் போட்டுக்கொண்டார்கள். சில்லறைக்குக் கொடுத்த வேலை படுப்பது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அவன் கட்டிலில் தலையை வைத்துக் கேட்க வேண்டும். பெரியவரின் காதை வைத்துச் சோதிப்பது செல்லாது என்று அண்ணி சொல்லிவிட்டார். கடைசியாக ஒரு மத்தியானம், அண்ணி உள்ளே சாவி, சிலை, சாலை என்று தொண்டை வறள வாசிக்க, சில்லறை நிஜமாகவே தூங்கிப்போனான். சோதனை வெற்றி என்று அறிவித்தார்கள்.

நர்ஸ் குழந்தையோடு வந்து அறை வாசலில் நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை. நாற்காலியைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், பிறகு பெரியவரைப் பார்த்தாள்.

“இப்ப வெளிய கேக்காதா?” என்றாள்.

டாக்டரம்மா பதில் சொல்ல வாயெடுத்தார். பெரியவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, தானே முன்னால் வந்தார்.

“கேக்காதும்மா. முன்ன நான் ஒரே கட்டையில ரெண்டு பக்கமும் பலகை அடிச்சிருந்தேன். அதான் நீ பேசினது மரத்துலயே நடந்து என் தலைக்கு வந்துச்சு. இப்ப ரெண்டு சுவர், தனித்தனிக் கட்டையில. நடுவுல ஒரு சாண் இடம் விட்டு, பழைய மெத்தைப் பஞ்ச நெருக்காம நிரப்பியிருக்கோம். உன் பக்கத்துச் சுவருக்குப் பலகை ரெண்டு அடுக்கு; அடியில சைக்கிள் டியூப், ஓரமெல்லாம் மரத்தூளும் பசையும் குழைச்ச மக்கு வச்சு அடைச்சாச்சு. ஒரு சுவர் இன்னொரு சுவரத் தொடாது. என் கட்டில் எந்தச் சுவரையும் தொடாது.”